35 அங்குல டயருக்கு எந்த ரிம்? 15, 17, 18, 20: ஓர் ஒப்பீடு

ஜீப் ராங்ளருக்கு 35 அங்குல டயர் போடுவது என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ரிம். கடைக்காரர் 20 அங்குல ரிம்மைக் காட்டுவார், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பழைய ஜீப் வைத்திருக்கும் நண்பர் 15-ஐ விட்டால் வேறில்லை என்பார். இருவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டு முதலில் கணக்கைப் பார்க்கலாம்.

35 என்பது டயரின் வெளிவிட்டம். ரிம் எந்த அளவானாலும் அது மாறப்போவதில்லை. ஆகவே ரிம் பெரிதாகும் ஒவ்வோர் அங்குலமும் டயரின் பக்கச்சுவரிலிருந்து, அதாவது ரப்பரிலும் காற்றிலும் இருந்து, பிடுங்கப்படுகிறது.

ரிம் | பக்கச்சுவர் உயரம்
15 அங்குலம் | 254 மி.மீ.
17 அங்குலம் | 229 மி.மீ.
18 அங்குலம் | 216 மி.மீ.
20 அங்குலம் | 190 மி.மீ.

இவை ஏட்டுக் கணக்கு. 35 என்று விற்கப்படும் டயர்கள் பல உண்மையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 315/70 ஆர்17 (அகலம் 315 மி.மீ., பக்கச்சுவர் அதில் 70 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) என்ற அளவைக் கணக்கிட்டால் வெளிவிட்டம் 873 மி.மீ., அதாவது 34.4 அங்குலம்தான் வரும். போதாக்குறைக்குப் பக்கச்சுவரின் அடியில் அரை அங்குலத்துக்கு மேல் ரிம்மின் விளிம்புக்குள் மறைந்துவிடுகிறது. அந்தப் பகுதி வளையாது. இந்தக் கழிவு எல்லா ரிம்முக்கும் ஒன்றுதான் என்பதால், இருப்பதே குறைவாக உள்ள 20-க்குத்தான் அது அதிகம் வலிக்கும்.

பக்கச்சுவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? காட்டுப் பாதையில் இறங்கும்போது காற்றைக் குறைக்கிறோம். சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தவர் பாறையில் 15 முதல் 18 வரையும், மணலில் இன்னும் கீழேயும் இறக்குவார். காற்று குறைந்ததும் டயர் தரையில் நீளமாகப் படிகிறது. பாறையின் முனையை எதிர்த்து நிற்காமல் அதைச் சுற்றி வளைந்து பிடிக்கிறது. இந்த வளைவுக்கு இடம் கொடுப்பது பக்கச்சுவர் மட்டுமே. அது குட்டையாக இருந்தால் கொஞ்சம் வளைந்தவுடனே ரிம்மின் விளிம்பு பாறையை எட்டிவிடும். நடுவில் சிக்கிய ரப்பர் கிழியும், அல்லது அலாய் நெளியும். அதற்குப் பயந்து காற்றை அதிகமாகவே வைத்துக்கொண்டால், இவ்வளவு செலவு செய்து பெரிய டயர் வாங்கியதன் பயனில் பாதி போய்விடும்.

அப்படியானால் 15-தானே முதலிடம்? காகிதத்தில் ஆமாம். சிஜே, ஒய்ஜே, டிஜே என்ற பழைய தலைமுறை ஜீப்புகளுக்கு அதுவே இயல்பான அளவு. ஆனால் 2018-இல் வந்த ஜேஎல் தலைமுறை ராங்ளரின், காட்டுப் பாதைக்கான ரூபிகான் வகையில் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டமே 330 மி.மீ. அதன்மேல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் உட்கார வேண்டும். 15 அங்குல ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 381 மி.மீ., உள்பக்கம் அதைவிடக் குறுகல். பொருந்தாது. பேச்சு அங்கேயே முடிந்தது.

பனிமேட்டில் 38 அங்குல டயரை 15 அங்குல ரிம்மில் மாட்டி, 2 முதல் 4 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கி ஓட்டிய ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. வண்டிகளின் பிரேக் பெரிதாகிக்கொண்டே போனதால் ரிம்மும் மேலே நகர வேண்டியிருந்தது. அவர்களுடைய தேவைக்கென்றே நோக்கியன் உருவாக்கிய ஹக்கபெலிட்டா 44 டயரின் அளவு 475/70 ஆர்17. பக்கச்சுவரின் அருமை தெரிந்தவர்களே 17-க்கு வந்தார்கள் என்றால், காரணம் பிரேக்.

16-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 315/75 ஆர்16 ஒரு காலத்தில் பிரபலமான அளவு. இன்று புதிய 35 அங்குல டயர் வாங்கப் போகிறவருக்கு 17-இல் கிடைக்கும் வகைகள் அதில் கிடைப்பதில்லை.

17-க்கு என் வாக்கு. அதற்கு ஜீப்பின் வரலாறே போதும். 2003-இல் வந்த முதல் ரூபிகானுக்கு 245/75 ஆர்16 டயர், உயரம் ஏறத்தாழ 31 அங்குலம். 2007-இல் ஜேகே ரூபிகானுக்கு 255/75 ஆர்17, அதாவது 32. 2018-இல் ஜேஎல்லுக்கு 285/70 ஆர்17, அதாவது 33. பிறகு எக்ஸ்ட்ரீம் ரெக்கான் தொகுப்பில் தொழிற்சாலையே 315/70 ஆர்17 பொருத்திக் கொடுத்தது. 2007-க்குப் பிறகு டயர் மூன்று அங்குலம் வளர்ந்தும் ரிம் 17-ஐ விட்டு நகரவில்லை. போட்டியாளரான ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் தொகுப்பிலும் அதே 315/70 ஆர்17. 2021 எஃப்-150 ராப்டருக்கு 37 அங்குல டயர் கொடுத்தபோதும் ஃபோர்டு 17-ஐயே வைத்துக்கொண்டது. பிரேக்கைத் தாண்டும் அளவுக்கு ரிம், மிச்சமெல்லாம் ரப்பர் என்பதே இவர்கள் எல்லோருடைய கணக்கும். அதே ஜீப் நிறுவனம் ராங்ளரின் ஹை ஆல்டிடியூட் வகைக்கு 20 அங்குல ரிம்மில் 275/55 டயர் போட்டது. அந்த வண்டி அமெரிக்காவின் கரடுமுரடான ரூபிகான் பாதைக்கோ மோவாப் பாறைகளுக்கோ போகப்போவதில்லை என்று தயாரித்தவர்களுக்கே தெரியும்.

18-ஐ நான் தள்ளிவிட மாட்டேன். ராம் 1500 டிஆர்எக்ஸ் 35 அங்குல டயரோடுதான் வந்தது, ஆனால் அளவு 325/65 ஆர்18. 700 குதிரைத்திறனைத் தாண்டிய அந்த வண்டியின் முன் டிஸ்க்கே ஏறத்தாழ 15 அங்குலம், 17 ரிம்முக்குள் அதைத் திணிக்க வழியில்லை. பெரிய பிரேக் தொகுப்பு மாட்டியவர்களுக்கும், கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் 18 நியாயமான தேர்வு. பக்கச்சுவரில் 17-ஐவிட 13 மி.மீ. குறைவு. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

20-க்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. பக்கச்சுவர் குட்டை என்பதால் நெடுஞ்சாலை வளைவில் டயர் குறைவாகச் சாயும், ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும். உண்மைதான். ஆனால் ஒரே தண்டான முன் அச்சும் உயர்த்திய சஸ்பென்ஷனும் கட்டை கட்டையான மண் டயரும் உள்ள வண்டியில் அந்தக் கூர்மையில் எவ்வளவு கைக்கு வந்து சேரும்? என் மதிப்பில் மிகச் சொற்பம். அதோடு அதே விட்டத்தில் பெரிய ரிம் என்றால் உள்ளே காற்றின் கொள்ளளவு குறைவு. அதே பாரத்தைத் தாங்க அழுத்தம் கூடுதலாக வேண்டும். அதற்கேற்ப 20-இல் கிடைக்கும் 35 டயர்களில் பல, பார வகுப்பு (டயர் தாங்கும் எடையின் தரம்; சி-யைவிட ஈ, எஃப் கூடுதல்) ஈ, எஃப் என்று விறைப்பாகக் கட்டப்பட்டவை. கனமான பிக்-அப்புக்கு அவை சரி. ராங்ளர் போன்ற வண்டிக்கு வகுப்பு சி-யே பெரும்பாலும் போதும். விறைத்த டயர் காற்றைக் குறைத்தாலும் சோம்பலாகத்தான் வளையும்.

வளைகுடாவில் மணல்மேடு ஏறுகிறவர்கள் இங்கே மறுப்புச் சொல்லலாம். 18, 20 அங்குல ரிம்மோடு அங்கே எத்தனையோ வண்டிகள் மேடு ஏறி இறங்குகின்றன. மணலில் பாறை முனை கிடையாது, ரிம் அடிபடும் பயம் குறைவு. ஆகவே வெறும் மணலுக்கு மட்டும் என்றால் ரிம் அளவு உயிர்ப் பிரச்சினை அல்ல. ஓமானின் கல் நிறைந்த வாடிகளுக்குள், அதாவது வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள், இறங்குவதாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் திரும்ப வந்துவிடும்.

விட்டத்தைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். 12.5 அங்குல அகல டயருக்கு 8.5 முதல் 11 வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். காற்றைக் குறைத்து ஓட்டுவதாக இருந்தால் குறுகலான பக்கம் நிற்பது நல்லது. 8.5 அல்லது 9 அங்குல ரிம் டயரின் விளிம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், பக்கச்சுவரும் ரிம்மைத் தாண்டிச் சற்றுப் புடைத்து அதைக் காக்கும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், அதைவிட முக்கியம். சக்கரத்தை வெளியே தள்ளினால் தோற்றம் மிரட்டும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையில் உதைக்கும், சக்கர பேரிங்குக்குப் பாரம் கூடும், திருப்பும்போது டயர் பம்பரையும் ஃபெண்டரையும் உரசும். தவறான ஆஃப்செட் உள்ள 17-ஐவிடச் சரியான ஆஃப்செட் உள்ள 18 மேல்.

10 பி.எஸ்.ஐ.-க்கும் கீழே இறங்குகிறவர்களுக்கு மட்டும் பீட்லாக். வெளி வளையத்தை போல்ட் போட்டு டயரின் விளிம்பை ரிம்மோடு பிணைத்துவிடும் ஏற்பாடு அது. போல்ட்டுகளை அவ்வப்போது முறுக்கிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

இந்தியாவில் 35 போட்டு ஓட்டுகிறவர்கள் சிலரே, மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் பலர். இங்கே ஒரு வேடிக்கை. 2020 தாரின் கீழ் வகையில் வந்தது 245/75 ஆர்16, அதாவது 2003 ரூபிகானின் அதே அளவு. மேல் வகையில் வந்தது 255/65 ஆர்18. வெளிவிட்டம் 15 மி.மீ. கூடுதல், பக்கச்சுவரோ 18 மி.மீ. குறைவு. தார் ராக்ஸின் மேல் வகையில் ரிம் 19 ஆகிவிட்டது, பக்கச்சுவர் 153 மி.மீ. மட்டுமே. காட்டுக்குப் போகிறவர் அதிக விலை கொடுத்து, காட்டுக்குக் குறைவாகப் பொருந்தும் சக்கரத்தை வாங்கும் நிலை.

தாருக்குச் சற்றே பெரிய டயர் வேண்டும் என்பவர்களுக்கு 265/75 ஆர்16, 265/70 ஆர்17, 265/65 ஆர்18 மூன்றும் 802 முதல் 804 மி.மீ. வரை வரும். மூன்றில் என் தேர்வு வரிசை எழுதியிருக்கும் வரிசையேதான். மாருதி ஜிம்னிக்காரர்கள் தொழிற்சாலை கொடுத்த 15-ஐ மாற்றவே வேண்டாம், அதுவே அந்த வண்டிக்குக் கிடைத்த கொடுப்பினை. இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இருக்கின்றன. பெரிய டயர் போட்டபின் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு.

விலை கேட்கும்போது நான்குக்குக் கேட்காதீர்கள், ஐந்துக்குக் கேளுங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் இருந்தால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும். அதனால் ஸ்டெப்னியும் அதே 35 ஆகத்தான் இருக்க வேண்டும். 17-க்கும் 20-க்கும் ஐந்து ரிம், ஐந்து டயர் என்று கூட்டி எழுதச் சொல்லிக் கடைக்காரரிடம் இரண்டு மதிப்பீடு வாங்கிப் பாருங்கள்.