இரண்டு நாள் பயிலரங்கா, வாராவாரம் அரை மணி நேரமா?

நன்றாக வேலை பார்த்தவரைத் தூக்கி மேனேஜராக்கிவிட்டு, பிறகு "ஆளை நடத்தத் தெரியவில்லையே" என்பார்கள். அதற்கு மருந்தாக வருபவை மூன்று: இரண்டு நாள் பயிலரங்கு, வெளியிலிருந்து ஒரு கோச், டீமில் ஒவ்வொருவரோடும் வாராவாரம் தனிச் சந்திப்பு. என் தேர்வு மூன்றாவது. ஆகவே இதை நடுநிலை அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயிலரங்கில் முறைகள் கிடைக்கும். ஃபீட்பேக் சொல்லும்போது 'எப்போது நடந்தது, என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று' என்று பிரித்துச் சொல்ல அரை நாளில் பழகிவிடலாம். கோச் நமக்கே தெரியாத நம் பழக்கங்களைப் பிடித்துக் காட்டுவார். ஆனால் பெரும்பாலும் அவர் காதுக்குப் போவது நாம் சொல்லும் கதைதான்.

முடிவைத் தீர்மானிப்பது, கற்றதை மறக்காமல் பராமரிப்பது. கற்றதில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே வேகமாக நழுவுகிறது என்று 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அளந்து காட்டினார். அவர் அளந்தது பொருளற்ற அசைகளை, ஆளை நடத்தும் திறனை அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் பயிலரங்கில் எழுதிய குறிப்புகளை மூன்றாம் மாதம் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? கணக்கைப் பாருங்கள்: டீமில் 6 பேர், தலா 30 நிமிடம் என்றால் வாரத்துக்கு 3 மணி நேரம். பயிலரங்கு விழுங்கும் 16 மணி நேரத்தில் 32 சந்திப்புகளை முடித்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி, அதுவும் நிஜ ஆளிடம்.

இந்தத் தனிச் சந்திப்பு கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: வேலை நிலவரம் கேட்கும் கூட்டமாகிவிடும். நிலவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் எதிரே இருப்பவருடையது. "வேலை எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்; அந்த மௌனத்தை நாமே நிரப்பினால் பதில் வராது. கடைசி 5 நிமிடத்தில் யார், எதை, எந்த நாளுக்குள் என்று எழுதி, அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்க வேண்டும். நேரமில்லையா? அதே வாரத்தில் வேறு நாளுக்கு மாற்றுங்கள், ரத்து செய்யாதீர்கள்.

பொறுப்பை ஒப்படைக்கப் பழகுவதும் இங்கேதான். 'முடிவெடுக்கும் முன் கேளுங்கள்', 'முடிவெடுத்துவிட்டுச் சொல்லுங்கள்' என்ற இரண்டில் எது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவதைச் சொல்லிவிட்டு, எடுத்த முடிவை ஒருமுறை மாற்றினாலும் போதும், அடுத்த நாளிலிருந்து சின்ன விஷயத்துக்கும் அனுமதி கேட்டு வந்து நிற்பார்கள்.

உங்களுக்குக் கீழே நேரடியாக 12 பேர் இருந்தால் வாரம் 6 மணி நேரம் ஆகிவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளலாம். மேனேஜரின் கோபமே பிரச்சினை என்றால் மட்டும் இந்த வழி உதவாது, எதிரே உட்கார்ந்து யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அங்கே கோச்சும், பெயர் வெளியே தெரியாத 360 டிகிரி ஃபீட்பேக்கும்தான் (மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை பார்ப்பவர் என்று எல்லாப் பக்கமும் கருத்துக் கேட்பது) சரி. அதிலும் மேலதிகாரி தவிர மற்ற ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 3 பேராவது பதில் தர வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும்.