ஹெட் கேஸ்கெட் போச்சா? அதே மெக்கானிக்கா, வேறு ஒர்க்‌ஷாப்பா?

கார் சூடாகிறது என்று கொண்டுபோனால், பானெட்டைத் திறந்த ஐந்தே நிமிடத்தில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டைக் கழற்றணும்" என்றார் மெக்கானிக். (ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.)

அவரிடமே நிரூபிக்கச் சொல்லலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) போடுங்கள், ஆயில் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் கசடு இருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விடாமல் குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள் (சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்). செலவு குறைவுதான், ஆனால் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

வேறு ஒர்க்‌ஷாப் என்றால் வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும், பார்க்கிற கூலி தனி. அங்கே முதல் ஆள் சொன்னதை மூச்சு விடக்கூடாது, "சூடாகிறது, பாருங்கள்" என்பதோடு சரி. எனக்குக் கிடைத்த பதில், தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போக வழிவிடும் வால்வு) திறக்காமல் சிக்கியிருந்தது! ஹெட்டைத் தொடவே இல்லை.

கழற்றுவதற்கு முன் என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஏற்கெனவே பிரித்துப்போட்டுவிட்டால் முதல் வழிதான். பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் பில்லையும். ஏமாந்தது தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.