முன்வாசல் தோட்டத்தில் கல் பாவ: மணலா, சிமெண்டா?

பத்தடிக்குப் பதினைந்தடி முன்வாசல். மதிலோரம் இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி. நடுவே கல் பாவ நினைப்பவர்கள் நேராகக் கடைக்குப் போய்க் கல்லின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், கல்லுக்கு அடியில் என்ன போடப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுவது நல்லது.

மேஸ்திரியிடம் விட்டால் சிமெண்ட் கலவைதான் போடுவார். அதில் நியாயமும் இருக்கிறது. கல் ஆடாது, சந்தில் கோரை முளைக்காது, எறும்பு மணலை வெளியே தள்ளாது, பெருக்குவதும் சுலபம். பைக்கை ஏற்றி இறக்குகிற இடத்துக்கு இதைவிடச் சரியானது இல்லை.

செடிகளுக்குத்தான் சங்கடம். இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு பக்கத்து மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலைகள் மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இதைப் பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. தண்ணீர்க் கணக்கும் இடிக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பூமிக்குள் இறக்கிவிட்டு, வாசலில் விழுவதைத் தெருவுக்கு ஓடவிடுவது என்ன சிக்கனமோ! போதாக்குறைக்கு, அடியில் போகும் குழாய் ஒழுகினால் தளத்தை உடைத்தே ஆகவேண்டும்.

மணலில் பாவினால் நாலு கல்லைப் பெயர்த்து, குழாயைச் சரிசெய்து, அதே கற்களைத் திரும்ப வைத்துவிடலாம். மழை சந்து வழியே இறங்கும். ஆனால் 'மணலைக் கொட்டிக் கல்லை வை' என்று அவசரப்பட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே கல் தாழ்ந்துவிடும். ஏழு அங்குலம் தோண்டி, நாலு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமுசால் நன்றாக இடிக்கவேண்டும். அதன்மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், பிறகு கல். சுற்றிலும் ஓரக்கல் நட்டு அணைகொடுக்காவிட்டால் மணல் பக்கவாட்டில் நழுவும். தண்ணீர் ஓட வாட்டம் அடிக்குக் கால் அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செடிப் பாத்தியை நோக்கி. செம்பருத்தியின் தூரை ஒட்டித் தோண்டவேண்டாம். அங்கே கல்லைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.

மணல் என்று முடிவானால் கல் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். கடப்பா மலிவு, கறுப்பில் வெள்ளைக் கோலம் எடுப்பாக இருக்கும். ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் முக்கால் அங்குலக் கனம் மணல்மேல் விரிசல் விடும். சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்கவும் முடியாது. ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டாவும் கடப்பா போலச் சுண்ணாம்புக்கல்தான்; ஆசிட் ஊற்றிக் கழுவினால் இரண்டுமே மங்கிப்போகும். மெருகேற்றிய கோட்டா மழையில் வழுக்கவும் செய்யும். பேவர் பிளாக் மணலில் பாவுவதற்கென்றே செய்யப்படுவது, நடைபாதைக்கு 60 மி.மீ. கனம் தாராளம். சின்னத் தோட்டத்தில் போட்டால் பெட்ரோல் பங்க் போல ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். சந்துகள் அதிகம் என்பதால் கோலத்தின் இழையும் விட்டுவிட்டுத்தான் விழும்.

என் தேர்வு, நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய சாம்பல்நிறக் கிரானைட், ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையாமல். விலை கூடத்தான். தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் ஈரத்தில் வழுக்காது, கறுப்புக் கல் அளவுக்குச் சுடாது.

சிமெண்டை அடியோடு ஒதுக்கவேண்டியதில்லை. கேட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை மூன்றடி அகலத்துக்கு மட்டும் கலவையில் பாவிக்கொண்டு, இட்லிப்பூவை அதற்கு எதிர்ப்பக்க மதிலோரமாக வைத்துக்கொண்டால் சரி.