ஓப்பினெலா, ஹிகோனோகாமியா: சட்டைப்பைக்கு எந்தப் பேனாக்கத்தி?

பேனாக்கத்தி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்திதான். அதை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். கத்தரிக்கோல், திருப்புளி, டின் திறப்பது எல்லாம் ஒன்றிலேயே வேண்டும் என்றால் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த அலசல், ஒரே ஒரு அலகும் ஒரு பிடியும் போதும், ஆனால் வெட்டுகிற வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. அந்த ரகத்தில் நூறு வருடங்களைத் தாண்டியும் கிட்டத்தட்ட பழைய வடிவிலேயே வந்துகொண்டிருப்பவை இரண்டு: பிரான்ஸின் ஓப்பினெல், ஜப்பானின் ஹிகோனோகாமி. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. தினமும் சட்டைப்பையில் போவது ஓப்பினெல், 7ஆம் எண், எவர்சில்வர் அலகு. ஹிகோனோகாமி மேசை டிராயரில் கிடக்கிறது. ஆக, நான் எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஓப்பினெல் பிறந்தது ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவோய் பகுதியில். 1890இல் ஜோசப் ஓப்பினெல் என்பவர் உள்ளூர் விவசாயிகளுக்காகச் செய்ய ஆரம்பித்தார். 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு வரிசையாக அளவுகள் வந்தன. 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் பிற்பாடு கைவிடப்பட்டன. எண் கூடக் கூட அலகு நீளும்: 6க்கு 7 சென்டிமீட்டர், 7க்கு 8, 8க்கு எட்டரை. பிடி பீச் (beech) மரம். அலகு, பிடி, ஒரு ஆணி, கழுத்தில் ஒரு நிலை வளையம், அதன் மேல் சுழலும் பூட்டு வளையம். மொத்தமே இந்த ஐந்து பாகங்கள்தான். பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. கத்தியை மூடிய நிலையிலும் பூட்டும் வசதி 2000இல் வந்தது.

ஹிகோனோகாமி இன்னும் எளிமை. ஹியோகோ மாகாணத்தில் உள்ள மிகி என்னும் ஊரின் கத்தி இது. பித்தளையோ இரும்போ, ஒரு தகட்டை நீளவாக்கில் மடித்தால் அதுவே பிடி. பூட்டு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. அலகின் பின்பக்கம் வால் மாதிரி ஒரு நீட்டல் வெளியே தெரியும். அதைப் பெருவிரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். வெட்டும்போதும் விரல் அதன் மேலேயே இருந்தால் மடங்காது. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது இதைத்தான். 1960இல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு 17 வயது. அதன் பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று நாடு முழுக்க ஒரு இயக்கம் கிளம்பியது. பென்சில் சீவும் மெஷினும் வந்து சேர, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரைப் போட்டுச் செய்ய உரிமை உள்ளது நாகாவோ கானேகோமா என்ற ஒரே பட்டறைக்குத்தான்.

சரி, கையில் எப்படி? கூர் என்று வந்தால் ஹிகோனோகாமி ஒரு படி மேல். என்னுடையதில் ‘நீலத்தாள்’ என்ற கடினமான, துருப்பிடிக்கும் ஜப்பானியக் கார்பன் ஸ்டீல் நடுவிலும் மென்மையான இரும்பு இருபுறமும் இருக்கின்றன. கடினமான ஸ்டீல் என்பதால் பதம் நெடுநாள் நிற்கிறது. தீட்டுவதும் சுலபம். வாய்ப்பக்கம் இருக்கும் அகலமான சரிவை அப்படியே நீர்க்கல் மேல் படுக்க வைத்துத் தேய்த்தால் போதும். எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்ற கவலையே இல்லை, கோணத்தைக் கல்லே சொல்லிக்கொடுக்கும். பென்சில் சீவ, பார்சல் டேப் கிழிக்க, சணல் கயிறு அறுக்க அருமையான கத்தி.

ஆனால் கொய்யாக்காயை வெட்டிப் பாருங்கள். அலகின் முதுகு தடிப்பு. பாதி வரை வெட்டி, மீதியைப் பிளக்கும். துண்டு பட்டென்று தெறித்து விழும். ஓப்பினெல் அலகு மெல்லியது, முதுகிலிருந்து வாய் வரை லேசான உப்பலோடு சரிந்து இறங்கும். கொய்யா, ஆப்பிள், வெள்ளரி எதுவானாலும் சத்தமில்லாமல் கடைசி வரை போய்விடும். பேனாக்கத்தி வைத்திருப்பவர்கள் அதில் அதிகம் வெட்டுவது பழம்தான் என்பது என் எண்ணம். மற்றவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

பூட்டைப் பற்றி நிறைய வாதம் நடக்கும். எனக்கு அது இருந்தால் நல்லது, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, நாம் கவனிக்காமல் விட்ட நாளில் கத்திக்கு என்ன ஆகிறது என்பது. கடலோர ஊரில் இருக்கிறேன். சட்டைப்பையில் வியர்வை, ஐப்பசி கார்த்திகையில் வீட்டுச் சுவரே ஈரம். இந்த நிலைமையில் கார்பன் ஸ்டீலுக்கு ஓய்வு கொடுக்க முடியாது.

மாங்காய் நறுக்கினால் உடனே தெரியும். வெட்டிய இடத்தில் அலகில் நீலமும் கருப்புமாகக் கறை ஏறும், மாங்காய்த் துண்டின் ஓரமும் கறுக்கும், நாக்கில் லேசாக இரும்பு வாடை அடிக்கும். வாழைக்காய் இன்னும் மோசம். அந்தக் கறையால் கெடுதல் இல்லை, நாளாக நாளாக அது படிந்து அலகுக்கு ஓரளவு காப்பாகவும் ஆகும். பழைய இரும்பு அரிவாள்மனையில் காய் நறுக்கிய வீடுகளுக்கு இதெல்லாம் புதிதில்லை: வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பார்கள். ஆனால் அரிவாள்மனையைத் துடைத்தால் முழுசாகத் துடைத்துவிடலாம். ஹிகோனோகாமியில் அலகை மடக்கியதும் அது மடித்த தகட்டின் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடுக்கில் துணி நுழையாது. உள்ளே போன பழச்சாறும் தண்ணீரும் அலகின் வாயை ஒட்டியே நிற்கும். செந்துரு முதலில் பிடிப்பது வாயோரத்தில்தான், கூடவே ஆணியைச் சுற்றி. வாயில் துரு அரித்தால் குட்டிக் குட்டிப் பள்ளம் விழும். அது போக வேண்டுமானால் கல்லில் போட்டு ஸ்டீலையே தேய்த்துக் குறைக்க வேண்டும். போனது போனதுதான்.

ஓப்பினெலுக்கும் ஈரம் எதிரி, வேறு விதத்தில். மரப்பிடி தண்ணீர் குடித்தால் ஊதும். ஊதினால் ஆணிப் பக்கம் இரண்டு கன்னங்களும் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடைமழை நாளில் நகக்காடியில் நகத்தை மாட்டி இழுத்தால் நகம்தான் வலிக்கும், அலகு அசையாது. இதற்கு சவோய்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் வால் முனையை மேசை விளிம்பில் ‘டொக்’ என்று ஒரு தட்டு. அலகின் நுனி தானாகவே கொஞ்சம் எழும்பும். அங்கிருந்து இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிடலாம். பார்ப்பவர்களுக்கு ஏதோ வித்தை காட்டுவது போலத் தெரியும். (ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் செய்யப்போய், பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.)

இந்தக் குறைக்கும் துருவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊதிய மரம் காய்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு நாள் மின்விசிறிக் காற்று பட்டால் அலகு மறுபடி வழுக்கிக்கொண்டு திறக்கும். கத்தியில் எதுவும் குறைந்திருக்காது. எவர்சில்வர் அலகாக இருந்தால் மாங்காய்ச் சாற்றோடு மடக்கி மறந்துவிட்டாலும் பிசுபிசுப்பு மட்டும்தான். கழுவும்போது பிடியை நீரில் ஊறப்போடக் கூடாது. ஈரத்துணியால் அலகைத் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே வைத்தால் போதும். ஆணிப் பக்கம் மரத்தில் அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி விட்டால் ஊதல் குறையும். தேங்காய் எண்ணெய் மரத்துக்கு வேண்டாம், அது உலராது. கார்பன் அலகுக்கு மேல்பூச்சாக வேண்டுமானால் அது நன்றாகவே உதவும்.

ஓப்பினெலிலேயே கார்பன் அலகும் கிடைக்கிறது. நான் அதைக் கொஞ்ச காலம்தான் பயன்படுத்தினேன். தீட்ட எவர்சில்வரை விட எளிதாகத் தோன்றியது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பழக்கம் இல்லை. குளிர்ச்சியான, வறண்ட ஊரில் இருப்பவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம். என் வாதத்தில் பாதி அவர்களுக்குப் பொருந்தாது. எவர்சில்வர் அலகு சீக்கிரம் மழுங்குவது உண்மைதான். ஆனால் மெல்லிய அலகு என்பதால் கல்லில் சில இழுப்புகளிலேயே கூர் திரும்பிவிடுகிறது. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் இழுத்தாலும் அன்றைய வேலைக்குத் தேறும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இந்த இரண்டில் எதையும் கொடுக்காதீர்கள். அவர் சக்கரம் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் ஆனது. இவ்வளவு மெல்லிய வாயில் சூடு ஏறினால் பதமே போய்விடும்.

ஆணி தளர்ந்தால் ஹிகோனோகாமிக்கே சாதகம். தலையில் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு, இறுகிவிடும். ஓப்பினெலில் அது இவ்வளவு எளிதில்லை.

லண்டன் பக்கம் சொந்தக்காரர்களுக்கு வாங்கிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப் போக அனுமதி உள்ளது மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்குத்தான். ஓப்பினெலில் 6ஆம் எண்ணிலிருந்து மேலே எல்லாவற்றிலும் பூட்டு வளையம் உண்டு. 5ஆம் எண்ணில் கிடையாது, அலகும் 6 சென்டிமீட்டர்தான். அங்கே போவதற்கு அதுவோ, சின்ன அளவு ஹிகோனோகாமியோ சரி. விமானத்தில் எதுவானாலும் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள், கைப்பையில் வேண்டாம்.

ஓப்பினெலைக் கடையில் வாங்கும்போது அலகின் பக்கவாட்டைப் பாருங்கள். கையும் அதன் மேல் கிரீடமுமாக ஒரு முத்திரை இருக்கும். கூடவே ‘இனாக்ஸ்’ என்று இருந்தால் எவர்சில்வர், ‘கார்போன்’ என்று இருந்தால் துருப்பிடிக்கும் ரகம். படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும் என்பதால், ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விவரத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.