23.976 ஹெர்ட்ஸுக்கு எது தோது: என்விடியா பேனலா, சிஆர்யுவா?

ப்ளூ-ரே படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 ஃபிரேம் வேகத்தில் ஓடுபவை. கணினியோடு இணைத்த டிவியை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும் வேகம்) விட்டுவைத்தால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் தட்டித் தட்டிப் போவது இதனால்தான். முழு 24-இல் வைத்தாலும் குறை தீராது. ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் கூடுதலாக வந்து உறுத்தும்.

விண்டோஸின் திரை வேகப் பட்டியலில் "23" என்று ஒரு வேகம் இருந்தால் அதுதான் 23.976, "59" என்பது 59.94. அது ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். கோடி பிளேயரில் திரையின் வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பை இயக்கினாலே போதும். பக்கத்திலேயே இருக்கும் "சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே"யைத் தொட வேண்டாம். அது ஒலியை மாற்றி அமைப்பதால் ஆடியோ ரிசீவருக்கு ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ நின்றுவிடும்.

பட்டியலில் அது இல்லாவிட்டால்தான், அதைச் சேர்க்க என்விடியா கார்டின் கண்ட்ரோல் பேனலா, சிஆர்யு (கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி) என்ற தனிக் கருவியா என்ற கேள்வியே எழும்.

என்விடியா பேனலின் பெரிய பலம், சேமிப்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம் என்பது. டிவி ஏற்காவிட்டால் சில நொடிகளில் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். வேகத்தையும் 23.976 என்று மூன்று தசம இடம் வரை கொடுக்கலாம். பலர் சறுக்குவது டைமிங் (திரைக்குப் போகும் சிக்னலின் அளவுக் கணக்கு) தேர்வில். சிவிடி என்பது கணினி மானிட்டருக்கான கணக்கு. டிவிகள் பல அதை ஏற்காமல் "மோட் நாட் சப்போர்ட்டட்" காட்டும். மேனுவலுக்குப் போய் அந்தந்தப் பெயருள்ள கட்டங்களில் எச்டிடிவி கணக்கையே கொடுங்கள்:

கிடைமட்டம்: 1920, ஃப்ரன்ட் போர்ச் 638, சிங்க் 44, மொத்தம் 2750.
செங்குத்து: 1080, ஃப்ரன்ட் போர்ச் 4, சிங்க் 5, மொத்தம் 1125.
இரண்டுக்கும் போலாரிட்டி பிளஸ்.

சேமித்த பிறகு கலர் டெப்த்தை (ஒரு நிறத்துக்கான பிட் எண்ணிக்கை) ஒருமுறை பாருங்கள். 8 பிட்டுக்கு இறங்கியிருக்கலாம். டிரைவரை கிளீன் இன்ஸ்டால் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

சிஆர்யு போகும் வழியே வேறு. டிவி தன்னைப் பற்றிச் சொல்லும் இடிஐடி தகவலுக்குப் பதிலாகத் திருத்திய ஒன்றை ரெஜிஸ்ட்ரியில் வைத்துவிடும். ஏஎம்டி கார்டிலும் வேலை செய்யும். வேண்டாத வேகங்களைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியும். ஆனால் இடிஐடியில் பிக்சல் கிளாக் (நொடிக்குப் போகும் பிக்சல் எண்ணிக்கை) 0.01 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் நகரும். 1080-க்குத் தேவை 74.1758, கிடைப்பதோ 74.18. வேகம் 23.9774 ஆகி, சுமார் 12 நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் கூடும். 4கே-யில் இந்தக் கவலை கிடையாது: 296.70 கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பிசகும்.

இதில் முன்சோதனை இல்லை. டிரைவரை மறுபடி தொடங்க சிஆர்யுவோடு வரும் ரீஸ்டார்ட்64-ஐ ஓட்டிய பின் திரை இருண்டே இருந்தால் 15 நொடி பொறுத்து எஃப்8 அழுத்துங்கள். அதோடு வரும் ரீசெட்-ஆல் என்ற நிரல் எல்லாவற்றையும் அழித்து முன்போல் ஆக்கிவிடும். இடிஐடியின் கூடுதல் பகுதியான எக்ஸ்டென்ஷன் பிளாக்கை மட்டும் நீக்கிவிடாதீர்கள். எச்டிஎம்ஐ ஒலி அதோடு போய்விடும்.

நடுவில் ரிசீவர் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ரிசீவர் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது கணினிக்குத் தெரிவது டிவியின் இடிஐடி. ஆன் செய்ததும் தெரிவது ரிசீவர் திருத்தி அனுப்புவது. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் இருக்காது. கேபிளைக் கார்டின் வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் இதே கதைதான். "நேற்று இருந்த 23 இன்று காணோம்" என்ற புகாருக்கு முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

என்விடியா கார்டு, 1080 திரை என்றால் பேனலே போதும், கிளாக் துல்லியமும் அதில்தான். ஏஎம்டி கார்டு இருந்தாலோ, தவறான வேகத்தை நீக்க வேண்டியிருந்தாலோ சிஆர்யு. 25 ஃபிரேமில் வரும் நம்மூர் டிவி நிகழ்ச்சிகளுக்கு 50 ஹெர்ட்ஸும் வேண்டும். அதற்கு மொத்தம் 2640 x 1125, கிளாக் 148.50. இது படிக்குள் சரியாக விழுவதால் எந்தக் கருவியில் போட்டாலும் ஒன்றுதான்.

எதில் செய்தாலும் மேட்விஆர் என்ற வீடியோ ரெண்டரரில் கண்ட்ரோல்+ஜே அழுத்திப் பத்து நிமிடம் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் கூடுகிறது அல்லது விழுகிறது என்று அங்கேயே காட்டும்.