1985 கேம்பர் வேனுக்கு சுபாரு என்ஜின்

எங்கள் ஃபோக்ஸ்வாகன் டி3 வேனை முன்பு வைத்திருந்தவர் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார். 1.9 லிட்டர் என்ஜினின் சிலிண்டர் ஹெட் அரித்துப்போய், விரல் வைத்தால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று பழைய சுபாரு லெகசியின் 2.2 லிட்டர் இஜே22 வாங்கினேன். அதுவும் பழையதைப் போலவே நான்கு சிலிண்டர் பாக்ஸர், அதாவது சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் தட்டையான என்ஜின் என்பதால் பின்பக்க மூடிக்கடியில் அடங்கிவிடுகிறது. என்ஜினுக்கடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் மட்டும் தரைக்கு ரொம்பத் தாழ்வாக வரும், குட்டையாக்கியதைப் போட்டேன்.

வயரிங்தான் உயிரை வாங்கியது. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு வயராகப் பிரித்துச் சீட்டு ஒட்டவே மூன்று வாரக் கடைசிகள் போயின. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

முன்பு மூன்றாவது கியரில் திணறி ஏறிய மேட்டில் இப்போது நான்காவதிலேயே ஏறுகிறது. அந்தச் சத்தம் கேட்கவே ஆசையாக இருக்கிறது.