ஐந்து தோழிகள், ஒரு வாட்ஸ்அப் குழு: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூர் யீஷூனில் ஒரே உயர்நிலைப் பள்ளி, தமிழ் வகுப்பில் ஒரே வரிசை. 2001ல் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் நாங்கள் ஐந்து பேரும் சிதறிப்போனோம். இன்று ஒருத்தி ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். நானும் இன்னொருத்தியும் சிங்கப்பூரிலேயே இருக்கிறோம். இருவரும் ஒரே தீவு என்றாலும் நேரில் பார்த்துக்கொள்வது தீபாவளிக்குத்தான்.

2008ல் ஃபேஸ்புக் எங்களை மறுபடி சேர்த்துவைத்தது. அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். ஆனால் சேர்ந்தே இருக்கவைத்தது 2014ல் தொடங்கிய வாட்ஸ்அப் குழுதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது குரல்பதிவு. லண்டன்காரி முதல் குழந்தை பிறந்து இரண்டு வாரத்தில் "எல்லாம் ஓகே" என்று தட்டினாள், கூடவே ஒரு சிரித்த முகம். மறுநாள் கை ஒழியவில்லை என்று குரலில் பேசி அனுப்பினாள். நாற்பது விநாடிதான். தூங்கி எத்தனை நாளாயிற்று என்பது அந்தத் தொண்டையிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து இங்கே இரவு பத்து மணி ஆனதும் யாராவது ஒருத்தி அவளுக்குப் பேசினோம். அங்கே அப்போது மதியம் மூன்று, குழந்தை தூங்கும் நேரம்.

என் மகள் பிறந்தது 2020 மே மாதம், சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கச் சமயம். வீட்டுக்கு யாரும் வர முடியாது. வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் அதுவரை நான்கு பேர்தான் சேரலாம். அந்த ஏப்ரலில்தான் எட்டாக்கியிருந்தார்கள். அதனால் ஐந்து பேரும் ஒரே திரையில் வந்தோம். கோயம்புத்தூர்காரி போனை அவள் அம்மாவிடம் கொடுத்தாள். பள்ளிவிட்டுப் போனால் எங்களுக்கெல்லாம் தோசை சுட்டுப் போட்டவர். "பிள்ளையைக் கொஞ்சம் பக்கத்தில காட்டும்மா" என்றவர், தாலாட்டே பாடிவிட்டார். என் பிள்ளைக்குக் கிடைத்த முதல் தாலாட்டு அதுதான்.

குறையையும் சொல்ல வேண்டும். ஒரு தோழியின் அப்பா தவறியதை வேறொரு தளத்தில் பதிவிட்டிருந்தாள். அது என் கண்ணில் பட்டது நான்காம் நாள். அதற்குள் யார் யாரோ சாப்பிட்ட படங்களுக்கெல்லாம் விருப்பம் போட்டிருந்தேன். எதைக் காட்டுவது என்று தளமே முடிவு செய்கிறது. சாவுச் செய்தி என்று அதற்குத் தெரியுமா? அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: நல்லதோ கெட்டதோ, முதலில் குழுவுக்கு, பிறகுதான் ஊருக்கு. துக்கம் என்றால் தட்டச்சே கூடாது, போன்தான்.

ஸ்டேட்டஸ் எனக்கு ஒத்துவரவில்லை. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் இடத்தில் கல்யாணப் படத்தைப் போட எனக்கு மனமில்லை. காப்புப்பிரதி எடுக்காமல் போன் மாற்றி இரண்டு வருடப் படங்களை நானே தொலைத்தேன். சரி, மற்ற நால்வரிடமும் இருந்ததால் பாதி திரும்பக் கிடைத்தது.

போன வாரம் பெர்த்காரி, மகள் உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம் அனுப்பினாள். இரட்டைச் சடை, அம்மாவின் அதே நெற்றி. இதயக் குறி போட விரல் போனது. அது வேண்டாம் என்று விட்டுவிட்டு அவளையே அழைத்தேன். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான். முதல் மணியிலேயே எடுத்து, "பாத்தியாடி?" என்றாள்.